சேறு சொன்ன கணக்கு

தெற்கு இந்தியப் பெருங்கடலின் தரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில்தான் சேறு படிகிறது. குழாய் இறக்கி அங்கிருந்து எடுத்த இரண்டு சேற்றுத் தூண்களைக் கொண்டு, பனியுகங்கள் ஏன் வந்து போயின என்ற நெடுநாள் வழக்குக்கு 1976 டிசம்பரில் தீர்ப்பெழுதினார்கள் ஜேம்ஸ் ஹேஸ், ஜான் இம்ப்ரி, நிக்கோலஸ் ஷாக்கிள்டன். சேறு ஏற்கெனவே சேகரிப்பில் கிடந்ததுதான். புதிதாக வந்தது கணக்கு.

வழக்கில் முக்கிய வாதத்தை வைத்தவர் செர்பியாவின் மிலூட்டின் மிலங்கோவிச். வடகோளத்தின் உயர் அகலாங்குகளில் கோடை வெயில் தணிந்தால், பெய்த பனி உருகாமல் தங்கி, ஆண்டுக்காண்டு சேர்ந்து பனிப்பாளமாகும் என்றார் அவர். வெயில் கூடிக் குறைவதற்குக் காரணங்கள் மூன்று. பூமியின் பாதை சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளில் வட்டத்துக்கு நெருங்கி விலகுகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளில் கூடிக் குறைகிறது. அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதால் எந்தப் பருவத்தில் சூரியனை நெருங்குகிறோம் என்பது 23,000, 19,000 ஆண்டுகளில் மாறிவருகிறது. (பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பது இந்தத் தலையாட்டத்தின் விளைவைத்தான்.) இதையெல்லாம் அவர் கையாலேயே கணக்கிட்டார். 1958இல் அவர் இறந்தபோது புவியியலாளர்கள் பலர் அதைக் கைவிட்டிருந்தார்கள்.

சேற்றுக்குள் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருக்கின்றன. கடலிலிருந்து ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 கொண்ட நீர் சற்று எளிதாக மேலெழும். பனியுகத்தில் அது நிலத்துப் பனியில் சிக்கிக்கொள்ள, கடலில் ஆக்சிஜன்-18இன் விகிதம் ஏறுகிறது. ஓடுகளில் அந்த விகிதம் பதிந்துவிடும். ஓடுகளை அளந்து வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். கண்ணால் பார்த்து அதில் ஒழுங்கு இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

இங்கேதான் நிறமாலைப் பகுப்பாய்வு வருகிறது. ஒரு குறிப்பிட்ட கால அளவுள்ள அலையை எடுத்து, தரவின் ஒவ்வொரு புள்ளியோடும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். தரவில் அந்த அலை இல்லையென்றால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும். இருந்தால் தொகை உயரும். அலையின் காலத்தை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்ய வேண்டும். கணினிக்கென்றே பிறந்த வேலை. சுமார் 4,50,000 ஆண்டுத் தரவில் முகடுகள் 23,000, 42,000, ஒரு லட்சம் ஆண்டுகளை ஒட்டி எழுந்தன.

ஆனால் சேற்றில் தேதி எழுதியிருப்பதில்லை. ஆழம் மட்டுமே உண்டு. ஆழத்தை ஆண்டாக மாற்றும்போது, கோட்டைச் சற்று இழுத்தும் சுருக்கியும் பூமியின் பாதைக் கணக்கோடு பொருத்திவிடலாம். அப்படிப் பொருத்திய பிறகு தேடினால், நாம் போட்ட தாளமே நமக்குத் திரும்பக் கேட்கும். வெறும் இரைச்சலிலிருந்துகூட முகடு எழுப்ப முடியும். 1976 கட்டுரையில் என்னை மிகவும் கவர்வது இந்த விஷயத்தில் அவர்கள் காட்டிய நிதானம்தான். தெரிந்த சில தேதிகளுக்கு இடையில் சேறு சீராகப் படிந்தது என்று மட்டும் வைத்துக்கொண்டு முதலில் முகடுகளைக் கண்டார்கள். இழுத்துப் பொருத்தியது அதற்குப் பிறகே.

பாதைக் கணக்கோடு பொருத்திச் சேற்றுக்குத் தேதியிடும் முறைக்குப் பெரிய வெற்றி 1990இல் கிடைத்தது. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7,30,000 ஆண்டுகளுக்கு முன் என்று பாறைகளின் பொட்டாசியம்-ஆர்கான் கணக்கு சொல்லிவந்தது. பசிபிக் சேற்றைப் பாதைக் கணக்கோடு ஒப்பிட்ட ஷாக்கிள்டனும் கூட்டாளிகளும் 7,80,000 என்றார்கள். பாறைக் கடிகாரத்தைச் சேறு திருத்துவதா? பிறகு எரிமலைக் குழம்புப் பாறைகளில் செய்த துல்லியமான ஆர்கான் அளவீடுகள் சேற்றின் பக்கமே சாய்ந்தன.

தீராத சிக்கலும் 1976இலேயே தெரிந்தது. காலநிலை மாற்றத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு லட்சம் ஆண்டு முகட்டில் இருக்கிறது. ஆனால் பாதையின் வடிவம் மாறுவதால் பூமிக்கு வந்துசேரும் மொத்த வெயிலில் ஏற்படும் வித்தியாசம் மிகச் சொற்பம். லொரெய்ன் லிசியெக்கியும் மோரீன் ரேமோவும் 2005இல் 57 இடங்களின் தரவுகளைக் கணினியால் ஒன்றோடொன்று பொருத்தி 53 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரே கோடு தொகுத்தார்கள். பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தாளம் 41,000 ஆண்டுகளாகவே இருந்தது அதில் தெளிவாகத் தெரிகிறது. அது ஏன் மாறியது? கரியமில வாயு குறைந்ததாலா, பனிப்பாளங்களுக்கு அடியிலிருந்த மண் அரிபட்டுப் போனதாலா என்று வாதம் நடக்கிறது. பனிக்குள் சிக்கிய அக்காலக் காற்றுக் குமிழிகளைத் தேடித்தான் ஐரோப்பியக் குழு ஒன்று அண்டார்க்டிகாவில் 2,800 மீட்டர் துளைத்து, 12 லட்சம் ஆண்டுப் பழமையான பனியை 2025 ஜனவரியில் எட்டியது.