கத்தியின்றி உடைந்த கல்



கல்லடைப்பு நோயின் வேதனையை அதற்கு ஆளானவர்களே அறிவர். முதுகுப்புற விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் அவ்வலி, திடகாத்திரமான மனிதரையும் தரையில் புரளச் செய்துவிடும். சிறு கல்லாயின் சிறுநீரோடு தானே வெளியேறும். பெரிய கல்லாயின், 1980-க்கு முன்பு, விலாப்புறத்தை அறுத்துச் சிறுநீரகத்தைத் திறந்து அதனை எடுப்பதே பெரும்பாலும் வழியாயிருந்தது. காயம் ஆறப் பல வாரங்கள் ஆகும். அதன் பின்னும் கல் மீண்டும் வளரக்கூடும். தழும்பேறிய இடத்திலேயே மறுபடி கத்தி வைக்கவேண்டிய நிலை வந்தால், ஆபத்தும் அச்சமும் இரு மடங்காகும்.

இத்துன்பத்திற்கு விடிவு பிறந்த இடம் மருத்துவமனையன்று. விமானத் தொழிற்சாலை என்றால் வியப்பாயிருக்கிறதன்றோ?

மேற்கு ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரில் டோர்னியர் என்னும் விமான நிறுவனம் இருந்தது. ஒலியினும் விரைந்து பறக்கும் விமானங்களின்மீது மழைத்துளிகள் மோதும்போது உலோகத்தில் சிறு பள்ளங்கள் விழுவதைப் பற்றி அதன் பொறியியலாளர் ஆராய்ந்து வந்தனர். 1966-ஆம் ஆண்டில், மிகு வேகத்தில் எறியப்பட்ட ஒரு பொருள் உலோகத் தகட்டைத் தாக்கிய அதே கணத்தில், பணியாளர் ஒருவர் தற்செயலாய் அத்தகட்டைத் தொட்டார். மின்சாரம் தாக்கியது போன்ற உணர்ச்சி அவர் உடலில் பாய்ந்தது. அளந்து பார்த்தபோது மின்சாரம் ஏதும் இல்லை. மோதலில் எழுந்த அதிர்வலையே தகட்டின் வழியாய் அவர் கைக்குள் புகுந்திருந்தது.

கேரம் காய்களை வரிசையாய் ஒட்டி வைத்து, ஒரு முனையைச் சுண்டினால் மறுமுனைக் காய் மட்டும் துள்ளி ஓடும். நடுவிலுள்ளவை ஏறத்தாழ அசைவதில்லை. அதிர்வலையும் இவ்வாறே செல்கிறது. நம் உடலின் மென்மையான தசைகள் பெரும்பாலும் நீராலானவை. ஆதலால் நீரிலிருந்து வரும் அலை, அதிகத் தடையின்றி உடலுக்குள் நுழைகிறது. கடினமான கல்லைச் சந்திக்கும்போதுதான் அதன் ஆற்றல் வெளிப்பட்டுக் கல்லைப் பிளக்கிறது.

எனினும் வழியிலுள்ள உறுப்புகளுக்கு ஊறு நேரலாகாதே! பூதக்கண்ணாடியால் வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் தாளை எரிப்பதைச் சிறுவர் அறிவர். அதேபோல், நீள்வட்ட வடிவான ஒரு கிண்ணத்தின் முதற் குவியத்தில், நீருக்குள், மின்பொறியை உண்டாக்கினர். அங்கெழுந்த அலை கிண்ணத்தின் சுவரில் பட்டுத் திரும்பி, இரண்டாம் குவியத்தில் ஒன்றுகூடியது. எக்ஸ்-கதிரின் துணையால் நோயாளியின் கல்லைச் சரியாக அவ்விடத்தில் நிறுத்துவதே எஞ்சிய வேலை.

மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்களான எக்பர்ட் ஷ்மீட், வால்ட்டர் பிரெண்டல், கிறிஸ்டியன் ஷோசி ஆகியோர் டோர்னியர் பொறியியலாளருடன் கைகோத்து, விலங்குகளிடம் பல்லாண்டுகள் சோதித்தனர். 1980 பிப்ரவரி 7-ஆம் நாள், மியூனிக் நகரின் கிரோஸ்ஹாடர்ன் மருத்துவமனையில், முதல் நோயாளி நீர் நிரம்பிய தொட்டியில் இறக்கப்பட்டார். அதிர்வலைகள் கல்லைப் பொடியாக்கின. அறுப்பும் இல்லை, தையலும் இல்லை. 1984 டிசம்பரில் அமெரிக்க அரசும் இம்முறைக்கு அனுமதி வழங்கியது. பின்னாளில் தொட்டிக்குப் பதிலாக நீர்மெத்தை போன்ற திண்டே போதுமானதாயிற்று.

ஆயினும் இதனை எல்லார்க்கும் ஏற்ற மருந்தெனக் கொள்ளலாகாது. கருவுற்ற தாய்மார்க்கும், இரத்தம் உறையாத குறையுள்ளோர்க்கும் இது செய்யத் தகாது. ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்கு வேறு வழிகளே பெரும்பாலும் சிறந்தவை. உடைந்த துகள்கள் சிறுநீர்க் குழாயில் அடைத்துக்கொள்வதும் உண்டு. குழாய் வழியே லேசர் கதிரைச் செலுத்திக் கல்லைப் பொடிக்கும் முறை இன்று பல இடங்களில் இதனை முந்திவிட்டது.

கல்லை உடைத்த இவ்வெண்ணம் அதனோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஜென் சூ என்னும் பெண் ஆய்வாளர், தம் ஆசிரியர் சார்லஸ் கெய்னுடன் மீயொலியால் திசுக்களையே சிதைக்க முயன்றார். கருவியின் ஓசை உடன் பணிபுரிந்தோருக்குத் தொல்லையாயிற்று. ஓசை காதில் விழாதிருக்கத் துடிப்புகளின் வேகத்தை அவர் கூட்டினார். வியக்கத்தக்க வகையில், திசு முன்னிலும் நன்றாகச் சிதைந்தது! நுண்ணிய குமிழிகள் தோன்றி வெடித்து, வெப்பமின்றியே உயிரணுக்களைச் சிதைக்கும் இம்முறை, கல்லீரல் கட்டிகளை அழிக்க 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது கட்டியை அழிப்பதற்கான அனுமதியே. புற்றுநோயை முற்றும் போக்கும் என்பதற்கு அது சான்றாகாது. செய்தித்தாள் தலைப்பைக் கண்டு, நடந்துவரும் சிகிச்சையை இடையில் நிறுத்துவது பேதைமையாகும்.

தகட்டைத் தொட்ட கையின் நடுக்கத்தையும், தோழரின் முணுமுணுப்பையும் அற்பமென்று தள்ளாதவர்களாலேயே இந்நன்மைகள் விளைந்தன. நாமும் நம் உடல் காட்டும் சிறு அறிகுறிகளை அற்பமென்று தள்ளாதிருப்போமாக. விலாவில் வலியோ சிறுநீரில் இரத்தமோ கண்டால் மறைக்கவேண்டாம், மருத்துவரை நாடுங்கள். வெயிலில் உழைப்போர், சிறுநீர் வெளுத்துக் காணும் அளவுக்குத் தண்ணீர் பருகுங்கள். கல்லை உடைக்கும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், கல் வளராமல் காப்பது அதனினும் சிறந்ததன்றோ?