பள்ளி முடிந்ததும் பிள்ளை எங்கே போவது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும், அரசுப் பணியில் 4 சதவீத இடமும் ஒதுக்குகிறது. ஆனால், பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளையை அந்த இடங்கள்வரை கொண்டு சேர்ப்பது யார் வேலை என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. பள்ளிக்கல்வித் துறைக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு பொறுப்பு முடிகிறது. வேலைவாய்ப்பு அலுவலகமோ, பதிய வருபவரை மட்டுமே அறியும். இந்த இடைவெளியை நிரப்பும் திட்டம் பதினெட்டு வயதில் அல்ல, பதினான்கிலேயே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டப்படி, 16 வயதாகும் மாணவருக்கென வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில் மேற்படிப்பு, பயிற்சி, வேலை ஆகியவற்றுக்கான இலக்குகள் இடம்பெற்றாக வேண்டும். அவற்றைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைத்தாக வேண்டும். அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் பொறுப்பு இன்னாருடையது என்று எழுதப்பட்டிருப்பதால், பெற்றோர் யாரிடம் கேட்பது என்று அலைய வேண்டியதில்லை.

மாணவரையும் கூட்டத்துக்கு அழைப்பது என்றால், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையால் தன் எதிர்காலத்தை எப்படி முடிவு செய்ய முடியும் என்று பெற்றோர் கேட்பார்கள். "எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்ற பயம் அதற்குள் இருக்கிறது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலான குழு காப்பாளரை நியமிக்கலாம். 2016-இன் சட்டமோ, காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் கலந்து பேசி முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்புரிமையை முன்வைக்கிறது. கலந்து பேசும் பழக்கம் பதினெட்டாவது பிறந்தநாளில் திடீரென்று வந்துவிடாது. எந்தத் தொழிற்பயிற்சி பிடிக்கிறது, யாரோடு தங்க விருப்பம் என்பதைப் படங்களைக் காட்டியோ சைகையாலோ கேட்டுப் பழக்கியிருந்தால்தான், காப்பாளருக்கும் பிள்ளையின் மனம் தெரியும்.

சிறப்பாசிரியர்களே போதாத நிலையில் இப்படிப் பழக்குவது புதுச் சுமை என்பதும் நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் தனியாகப் பேருந்தில் போவது, வங்கியில் பணம் எடுப்பது, தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்று தானே கேட்பது போன்றவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம். சில ஆண்டுகள் விடாமல் பழக்கும் பொறுமை போதும். பணம் தேவைப்படும் இடமும் உண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து பள்ளி முடிந்து இரண்டு ஆண்டுவரை அதே மாணவரைப் பின்தொடர, வட்டாரத்துக்கு ஒரு பொறுப்பாளராவது வேண்டும். அந்தப் பணியிடத்துக்கு அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிறப்பாசிரியரின் தலையில் இதையும் ஏற்றக் கூடாது.