சம்பளத்தோடு ஒரு பட்டம்

கல்யாண வீட்டில் சமையற்காரர், மேளக்காரர், பந்தற்காரர் எல்லோரும் கெட்டிக்காரர்களாயிருந்தும் முகூர்த்தம் தவறுவதை நாம் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்து நடத்த ஆள் இல்லாததே காரணம். விமான யந்திரம் செய்யும் பெரிய கம்பெனிக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் அந்த வித்தையைத் தொழிற்சாலையிலேயே கற்கலாம். பட்டப் படிப்பும் தொழிற்பயிற்சியும் இணைந்த திட்டம் அங்கே 2015-ம் வருஷம் தொடங்கியது. பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டு, சர்வகலாசாலைப் பாடமும் படிக்கலாம். படிப்புச் செலவு கம்பெனியையும் சர்க்காரையும் சேர்ந்தது. 2017-ல் மற்ற மாணவர்களுக்கு அதற்கு வருஷம் 9,250 பவுன் வரை ஆயிற்று. பெரும்பாலோர் கடன் வாங்கினார்கள். நம் பெற்றோர் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவது நம் காதில் விழுகிறது!

ஆனால் வேலை லேசானதல்ல. ஒரு சிறு பாகம் பத்து நாள் தாமதித்தால், பின்வரும் வேலைகளில் எவை தள்ளிப் போகும், எவை போகா என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைப் புத்தகம் கற்பித்துவிடும். முப்பது வருஷம் பட்டறையில் பழுத்தவரிடம் போய், "உங்கள் வேலை என்றைக்கு முடியும்?" என்று கேட்டு, கோபமில்லாத பதிலை வாங்கி வருவதை எந்தப் புத்தகம் கற்பிக்கும்? அதையும் முடித்து மாலையில் வீடு திரும்பினால், தோழர்கள் விடுமுறையை அநுபவித்துக் கொண்டிருக்க, இவர்களுக்கு மேஜைமேல் பாடக் கட்டுரை காத்திருக்கும்.