மேட்டிலே மாளிகை, பள்ளத்திலே பகை!

மேடு பள்ளம் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். சிலர் மேட்டிலே, பலர் பள்ளத்திலே என்கிறோம். கேட்போர் அதை உவமை என்று கொள்கின்றனர். அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே சான்பிரான்சிஸ்கோ என்றோர் நகரம். அங்கே அது உவமையல்ல, தோழர்களே! தெருவின் அமைப்பே அதுதான்.

குன்றுகளின்மீது எழுந்த நகரம் அது. 1847-லே ஜாஸ்பர் ஓஃபாரல் என்ற நில அளவையாளர் அந்த ஊருக்குப் படம் வரைந்தார். சதுரங்கப் பலகைபோலக் கட்டங்கள், எல்லாம் நேர்க்கோடுகள். காகிதத்திலே குன்று ஏது? கோடு நேராக ஓடிற்று. தெரு செங்குத்தாக ஏறிற்று. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியிலே 100 அடி முன்னே செல்வதற்குள் 31.5 அடி மேலே ஏறியாக வேண்டும். தெருவே போட முடியாத சரிவுகளிலே படிக்கட்டுப் போட்டார்கள்.

கோடு போட்டவருக்குக் கால் வலிக்கவில்லை. விறகும் கரியும் கல்லும் மரமும் மேலே போகவேண்டுமே! வலித்தது குதிரைக்கும், அதை ஓட்டிய கூலிக்காரனுக்கும்தான். மழையிலே வழுக்கி விழுந்து குதிரைகள் மாண்டதைக் கண்டு மனம் நொந்து, கம்பிவடம் செய்யும் தொழில் நடத்திவந்த ஆண்ட்ரூ ஹாலிடி புதுவகை டிராம் ஒன்றைச் சமைத்தார் என்பது அந்த ஊரார் சொல்லிவரும் கதை. 1873 ஆகஸ்டுத் திங்களில் கிளே தெருவிலே அது ஓடிற்று.

நம் ஊரிலே வடம் பிடித்துத் தேரை இழுக்கிறோம். அங்கே வடமே தேரை இழுக்கிறது! தெருவுக்கு அடியிலே, மணிக்கு 9.5 மைல் வேகத்தில், ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது உருக்குவடம். வண்டியிலே நிற்கும் தொழிலாளி நெம்புகோலை இழுத்தால் இடுக்கி வடத்தைக் கவ்வும், வண்டி மேடேறும். பிடியை விட்டுப் பிரேக்கைப் போட்டால் நிற்கும். தோள் வலிவும் நிதானமும் ஒருங்கே வேண்டும் வேலை. அந்தப் பிடியை ஒரு பெண் ஏற்றது 1998-லேதான். ஃபேனி மே பார்ன்ஸ் என்ற கருப்பின மாது அவர்.

சரி, வண்டி மேடேறிற்று. கூடவே ஏறிக் குடியமர்ந்தவர்கள் யார்? நாப் ஹில் என்ற குன்றின் உச்சியைப் பாருங்கள்! ஸ்டான்ஃபோர்டு மாளிகை, கிராக்கர் மாளிகை, ஹாப்கின்ஸ் மாளிகை! சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையின் அதிபர்கள் அவர்கள். 1878-லே கலிபோர்னியா தெரு வழியாகக் குன்றேறிய டிராம் கம்பெனிக்கு முன்னின்று முதல் போட்டவரே ஸ்டான்ஃபோர்டுதான்.

அந்த ரயில் பாதைக்காக மலையைக் குடைந்தவர்கள் யார்? பல்லாயிரம் சீனத் தொழிலாளர்கள்! பனியிலே புதைந்தார்கள், வெடியிலே சிதறினார்கள். வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலியே அவர்களுக்கு. 1867 ஜூன் திங்களில், சமக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கிராக்கர் என்ன செய்தார்? அடிக்கவில்லை, சுடவில்லை, மலைமீது சோறு வரும் வழியை அடைத்தார். ஒரு வாரத்திலே பசி வென்றது; வேலைநிறுத்தம் தோற்றது.

அதே கிராக்கர் நாப் ஹில்லிலே ஒரு கட்டம் முழுவதையும் வளைத்து மாளிகை எழுப்ப முனைந்தார். மூலையிலே ஒரு சிறு வீடு. நிக்கலஸ் யுங் என்ற ஜெர்மானியர், சவப்பெட்டித் தொழில் செய்தவர், இடத்தை விற்க இணங்கவில்லை. உடனே அந்த வீட்டின் மூன்று பக்கமும் ஏறத்தாழ 40 அடி உயரத்துக்கு வேலி எழுந்தது. காற்றுக்கும் கதிரவனுக்கும் தடை போட்ட கோடீஸ்வரர்! அதை ‘வன்ம வேலி’ என்றே ஊரார் நினைவில் வைத்திருக்கின்றனர்.

1877-லே வேலையில்லாத் திண்டாட்டம். டெனிஸ் கெர்னி என்ற பேச்சாளரின் பின்னே ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் திரண்டனர். அக்டோபர் திங்களில் நாப் ஹில் மீதே ஏறிக் கூட்டம் போட்டார்கள். அந்த வேலியைப் பெயர்ப்போம் என்று முழங்கினார்கள். முழங்கியதோடு சரி! வேலி அசையவில்லை. கோபம் எங்கே போயிற்று? குன்றின் கிழக்குச் சரிவிலே, சீனர் குடியிருப்பை நோக்கி உருண்டது! அவ்வாண்டு ஜூலையிலேயே சீனரின் சலவைக் கடைகள் சூறையாடப்பட்டு, உயிர்களும் பறிபோயிருந்தன. சீனன் வெளியேற வேண்டும் என்பதே கெர்னியின் ஓயாத முழக்கமாயிற்று. 1882-லே சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாதென்று சட்டமே பிறந்தது. 1943 வரை அது நீடித்தது.

குறைந்த கூலி கொடுத்தவன் மேட்டிலே. குறைந்த கூலி வாங்கியவன் பள்ளத்திலே. அடி விழுந்தது வாங்கியவன் மீது! இதனால் மாளிகையின் ஒரு செங்கல்லாவது பெயர்ந்ததா? இல்லை. 1906 ஏப்ரல் 18-லே நிலம் நடுங்கி, நெருப்புப் பரவி, அந்த மாளிகைகளைச் சாம்பலாக்கிற்று. நெருப்பு சீனர் குடியிருப்பையும் விடவில்லை. இதுதான் சமயம் என்று, சீனரை ஊரின் ஓரத்துக்குத் தள்ளிவிட நகரத்தார் திட்டமிட்டனர். சீனர் அசையவில்லை, அதே சரிவிலே மீண்டும் கட்டினர். இன்றும் அங்கேதான் வாழ்கின்றனர்.

அதே நகரத்திலே இன்னொரு குன்று உண்டு; ரிங்கன் ஹில். 1934-லே துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விடியற்காலையிலே சந்தை மாடுபோல நிறுத்தி, மேஸ்திரி கைகாட்டியவனுக்கே வேலை என்ற முறை ஒழியவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜூலை 5-லே அந்தக் குன்றின்மீது போலீசாரின் கண்ணீர்ப் புகை. குன்றின் அடிவாரத் தெருவிலே துப்பாக்கிச் சூடு. இரு தோழர்கள் மாண்டனர். நகரமே கொதித்தெழுந்தது. ஜூலை 16 முதல் நான்கு நாள் பொது வேலைநிறுத்தம்!

இம்முறை கோபம் கீழே உருளவில்லை. தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து குடியேறியவர். கருங்காலிகளாக்க முதலாளிகள் தேடிய கருப்பின மக்களிடம் அவரே சென்றார். சங்கத்திலே உங்களுக்கும் இடமுண்டு என்று உறுதி கூறினார். அவ்வாண்டு அக்டோபரிலே தீர்ப்பு வந்தது: ஆறு மணி நேர வேலைநாள், ஆள் அனுப்பும் பொறுப்பு சங்கம் தேர்ந்தெடுத்தவர் கையிலே!

1947-லே கம்பிவட டிராமை நிறுத்த மேயர் முனைந்தபோது, ஃப்ரீடல் க்ளஸ்மன் என்ற மாது ஊரைத் திரட்டினார். மக்கள் வாக்களித்துக் காப்பாற்றினர். ஜூலை 5-ஐ யார் காப்பாற்றினார்கள்? துறைமுகத் தொழிலாளர்களே! ஆண்டுதோறும் அந்நாளை நினைவு நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

இரு குன்றுகளின் கதையையும் சேர்த்தே நினைவில் வையுங்கள், தோழர்களே! பக்கத்திலே நிற்பவனைக் காட்டி, உன் கூலியைக் குறைத்தவன் இவனே என்று எவனாவது சொன்னால், ஒரு கணம் நில்லுங்கள்; அவனை அந்தக் கூலிக்கு அமர்த்தியவன் எந்த மேட்டிலே குடியிருக்கிறான் என்று நிமிர்ந்து பாருங்கள்!