தீவுக்காரரின் கடல்வழி

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைத் தாண்டும் சாலை, வேலணை, புங்குடுதீவு வழியாகப் போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அதற்கு மேல் இயந்திரப் படகுதான். நயினாதீவுக்குக் கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். விடியலில் வெளிக்கிட்டால் இரண்டு தீவுகளையும் பார்த்துவிட்டு மாலைக்குள் கரை திரும்பலாம்.

நெடுந்தீவுப் படகில் முதலில் சாமான்கள் ஏறுகின்றன. அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயு உருளை, பாண் பெட்டி எல்லாம் கைமாறிக் கைமாறி உள்ளே போகின்றன. சைக்கிள்களை மேல்தட்டில் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். பிறகுதான் சனம் ஏறுகிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் மூதாட்டி ஒருவர், எக்ஸ்ரே உறையை நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். "ஆச்சி, இங்கால வந்து இருங்கோ, அங்க தண்ணி அடிக்கும்" என்று எழுந்து இடம் கொடுத்தான் ஒரு பள்ளிக்கூடப் பையன்.

அவன் சொன்னபடியே அடித்தது. இந்தக் கடல் ஆழம் குறைந்தது. காற்று வலுத்தால் குட்டையான அலைகள் அடுத்தடுத்து எழுந்து படகை உலுக்கும். வைகாசிக்குப் பின் வீசும் சோழகத்திலும், மார்கழி வாடையிலும் கடல் கடுமையாகிவிட்டால் படகு ஓடாது. தீவில் மருந்துக்கும் மரக்கறிக்கும் தட்டுப்பாடு வரும்.

இந்த வழிக்கு ஆறாத காயம் ஒன்றும் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கரைக்குப் போக வேறு வழியில்லாததால், அதன் பிறகும் தீவு மக்கள் இதே கடலில்தான் போய்வந்தார்கள்.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுபவை வேலிகள். பவளக்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அவை, காற்றுக்கும் மழைக்கும் அசையாமல் நிற்கின்றன. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், இத்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரை வைத்தார்கள். பழைய கோட்டைச் சுவர்களும் புறாக்கூடும் இன்னும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். வெட்டவெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. கோடையில் குளங்கள் வற்றினால் அவற்றின் பாடு பெரும்பாடு.

குறிகட்டுவான் திரும்பி, அடுத்த படகில் நயினாதீவு. இறங்குதுறைக்கு எதிரே நாகபூசணி அம்மன் கோபுரம். சற்றுத் தள்ளி நாகதீப விகாரை. தமிழ் அடியார்களும் சிங்கள யாத்திரிகர்களும் ஒரே படகில் வந்து இறங்குகிறார்கள். ஆனித் திருவிழாவில் அந்தத் துறையில் கால் வைக்க இடமிருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளும் சுற்றுலாக்காரரும் பெருகுவது நல்லதுதான். தீவுக் கடைகளுக்கும் ஆட்டோக்காரருக்கும் அதனால் வருமானம் கிடைக்கிறது. ஆனால், படகில் இருக்கைகள் கொஞ்சம். விடுமுறை நாளில் நாம் கூட்டமாய் ஏறிவிட்டால், மருத்துவரைப் பார்க்கப் போன ஆச்சி துறையில் காத்திருக்க வேண்டும். உறுதியான படகுகளும், கூடுதல் சேவைகளும், நோயாளிக்கு எந்நேரமும் ஆயத்தமாக ஒரு படகும் தீவு மக்களின் நியாயமான உரிமை. அதை அரசு செய்ய வேண்டும். நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, தீவுக்காரர் எல்லோரும் ஏறிய பிறகு ஏறுவோம்.