கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்



வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்க வெளியூர்களிலிருந்து வரும் நம் மக்களில் சிலர், லுஹர் நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் வருவார்கள். மதரஸாவோடு கல்லூரிப் படிப்பும் நமக்கு இருப்பதால், "ஹஜ்ரத், இந்த மனு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்று காகிதத்தை நீட்டுவார்கள்.

அப்படி வந்த ஒரு சகோதரியின் கையில் பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. அதில் ஆதார், ரேஷன் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. கணவர் ஒரு கல்குவாரியில் 11 வருடம் பாறையில் துளை போடும் வேலை செய்தவர். பாறை சரிந்து வஃபாத்தானார். "அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம். அந்தச் சகோதரி பையைத் திரும்பத் திரும்பத் துழாவினார். ஒன்றும் இல்லை. ஜனாஸா அன்று காண்ட்ராக்டர் கொஞ்சம் பணம் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போனதாக மட்டும் சொன்னார்.

11 வருட உழைப்புக்கு ஒரு காகிதம்கூட வீட்டில் இல்லை. இந்த நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கல்குவாரியும் சுரங்கம்தான்

சுரங்கம் என்றதும் நமக்குக் கோலார் தங்கவயலோ நெய்வேலியோதான் நினைவுக்கு வரும். ஆனால் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி கல்குவாரியும் சுரங்கமே. கட்டடக் கல், சரளை, மண் போன்றவற்றை எடுக்கும் சிறிய குவாரிகளுக்கு மட்டும் சட்டத்தின் பெரும் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. பள்ளம் எந்த இடத்திலும் 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது. வெடிமருந்து பயன்படுத்தக்கூடாது. இவற்றில் ஒன்று மீறப்பட்டாலும் அது முழுச் சட்டத்துக்கும் உட்பட்ட சுரங்கம். வெடி வைத்துப் பாறை உடைக்கும் குவாரி எதுவாக இருந்தாலும் இதற்குள் வந்துவிடும்.

குவாரிக்குக் குத்தகை கொடுப்பது மாநில அரசின் கனிம வளத்துறை. ஆனால் உள்ளே இறங்கும் தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பைக் கவனிப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். இதன் தலைமையிடம் ஜார்க்கண்டின் தன்பாத்தில் உள்ளது. சென்னையிலும் அலுவலகம் உண்டு. நம் மக்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, பாதுகாப்புக் குறைபாட்டுக்கும் தாலுகா ஆபீசிலேயே மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. சுரங்கச் சட்டமும் அவற்றில் ஒன்றான தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. மாறுதல் காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று அரசு கூறியிருக்கிறது. ஆகவே கீழே சொல்லும் காகிதங்களின் தேவை குறையவில்லை.

தோல் ஷாப்புக்கும் குவாரிக்கும் உள்ள வித்தியாசம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். உடம்புக்கு முடியாவிட்டால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம், வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு மாதப் பென்ஷன் உண்டு. இதைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள், குவாரிக்குப் போகும் தம்பிக்கோ மருமகனுக்கோ இப்படி ஏதாவது இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றன.

ஆனால் இதுவரை இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் சுரங்கத்தைத் தொழிற்சாலை என்ற கணக்கில் சேர்க்கவே இல்லை. குவாரியில் விபத்து நடந்தால் குடும்பம் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே முதல் கேள்வியே, "இவர் உங்களிடம்தான் வேலை செய்தாரா? சம்பளம் எவ்வளவு?" என்பதாக இருக்கும். பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே வாங்க வேண்டியவை

முதலாவது, பணி நியமனக் கடிதம். புதிய தொகுப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெயர், வேலை, சம்பளம், சேர்ந்த தேதி அதில் இருக்க வேண்டும். சுரங்கத்தின் பணியாளர் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காண்ட்ராக்டர் மூலம் போனாலும் பெயர் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட பையனை 'சும்மா கூடமாட' என்று குவாரிக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் அவன் அங்கே இருந்ததையே மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, மருத்துவச் சான்று. சுரங்க விதிகளில் இதற்கு 'படிவம் ஓ' என்று பெயர். வேலையில் சேரும் முன் ஒருமுறையும், பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவதும் பரிசோதனை நடக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் அதில் சேரும். ஏற்பாடும் செலவும் முதலாளியுடையவை. இந்தக் காகிதத்தின் அருமை பல வருடம் கழித்துத்தான் தெரியும். பாறைத் தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் நோய் மெதுவாக வளர்வது. குணமாக்க மருந்து இல்லை. இருமலும் மூச்சிரைப்பும் இருப்பதால் டிபி என்று எண்ணி மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. சேர்ந்த நாளில் நுரையீரல் சுத்தமாக இருந்தது என்று காட்டும் எக்ஸ்ரே இருந்தால்தான், நோய் வேலையால் வந்தது என்று நிரூபிப்பது எளிது. சிலிகோசிஸ் இழப்பீட்டுக்கு உரிய தொழில் நோய்களில் ஒன்று. மருத்துவரிடம் போகும்போது, "குவாரியில் இத்தனை வருடம் வேலை" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தொழிற்பயிற்சிச் சான்று. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் இதற்காகவே வந்தவை. புதிதாக வருகிறவரைப் பயிற்சி இல்லாமல் நேராகப் பாறைக்கு அனுப்பக்கூடாது. பயிற்சி முடித்ததற்கான சான்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நான்காவது, தகுதிச் சான்றிதழ். வெடி வைப்பதற்கு 'பிளாஸ்டர்', ஆட்களை மேற்பார்வை செய்வதற்கு 'மேட்', அதற்கு மேல் 'ஃபோர்மேன்' என்று தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் கீழ் தேர்வு நடத்திக் கொடுக்கிறார்கள். வயதுச் சான்று, மருத்துவச் சான்று, முதலுதவிச் சான்று, அனுபவச் சான்று ஆகியவை விண்ணப்பத்துக்குத் தேவைப்படும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது அனுபவச் சான்றில்தான். பத்து வருடம் வெடி வைத்த கை. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை. சுரங்க மேலாளர் எதை வைத்துச் சான்று கொடுப்பார்? கூலியாகவே காலம் கழிகிறது. இந்தச் சான்றிதழ் தொழிலாளியின் பெயரில் இருப்பது. குவாரி மூடினாலும், ஊர் மாறினாலும் அது கூடவே வரும்.

இவற்றோடு, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வருகைச் சீட்டு, சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

ஒரு காகிதத்தின் விலை

வேலையில் ஒருவர் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்கான காரணி எண்ணால் பெருக்கி இழப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்ச வரம்பு 2020இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 40 வயதுக்கான காரணி எண் 184.17. சம்பளம் 15,000 என்று நிரூபித்தால், 7,500ஐ 184.17ஆல் பெருக்க 13,81,275 ரூபாய் வரும். அதே மனிதருக்கு ஏட்டில் 9,000 என்று மட்டும் எழுதியிருந்தால் 8,28,765 ரூபாய்தான். ஐந்தரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஏட்டில் பெயரே இல்லாவிட்டால், வேலை செய்ததை நிரூபிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால்

அல்லாஹ் காப்பாற்றுவானாக. நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு.

காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது, மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அதற்காகப் பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்து, "எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்று எழுதிக் கொடுத்து அவசரமாக அடக்கம் செய்துவிடுகிறார்கள். சட்டம் கோரும் இடத்திலும், யதீம்களின் உரிமை அதில் தங்கியிருக்கும் இடத்திலும், இன்றைய உலமாக்கள் பலர் தேவையின் அளவுக்கு அதை அனுமதித்திருக்கிறார்கள். மரணத்தின் காரணத்தைச் சொல்லும் முக்கியக் காகிதம் அது.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது.

கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இத்தா முடியட்டும், வருடம் திரும்பட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண், தவிர்க்க முடியாத தேவைக்குப் பகலில் வெளியே சென்று வருவதை ஃபிக்ஹ் நூல்கள் அனுமதிக்கின்றன. சகோதரர்களும் மாமன்மாரும் அதுவரை காகிதங்களைத் திரட்டி வைக்கலாம்.

காகிதத்தைக் கண்டு பயந்த காலம்

"பெயரைப் பதிந்தால் வம்பு வரும் ஹஜ்ரத்" என்று சில தொழிலாளர்களே நம்மிடம் சொல்வதுண்டு. இந்தப் பயம் புதிதல்ல. நம் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமான ஏழை மக்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனார்கள். 1930 ஏப்ரலில் அங்கே தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்து ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்பது அவர்களின் கோபம்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் காகிதம் தொழிலாளியைக் கண்காணிக்கக் கம்பெனியின் கையில் இருந்த காகிதம். இன்று நாம் கேட்பது தொழிலாளியின் கையில் இருக்கும் காகிதத்தை. ஏட்டை முதலாளி மட்டும் வைத்திருந்தால் அது முதலாளிக்கு மட்டுமே சாட்சி சொல்லும். நகல் உங்கள் வீட்டு பீரோவில் இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் சாட்சி சொல்லும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

குவாரி, கிரஷர், டிப்பர் லாரி என்று தொழில் செய்யும் செல்வந்தர்கள் நம் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். "சுரங்கத்தில் நேர்ந்த இழப்புக்கு ஈடு இல்லை என்று ஹதீஸே இருக்கிறதே" என்று ஒருவர் நம்மிடம் வாதம் செய்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அந்தக் கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹானதுதான். அதற்கு உலமாக்கள் தரும் விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உரிமையாளரின் வரம்புமீறல் இல்லாமல் நேரும் இழப்பைப் பற்றியது அது. மக்கள் நடக்கும் பாதையில் குழி தோண்டியவர் பொறுப்பாளி என்றே ஃபகீஹ்கள் சொல்கிறார்கள். பயிற்சி கொடுக்காமல், சான்று இல்லாதவரை வெடி வைக்கச் சொல்லி, சரியும் என்று தெரிந்த பாறைக்கு அடியில் ஆளை நிறுத்துவது வரம்புமீறல் இல்லாமல் வேறென்ன?

மேலும், குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடும்போதே சட்டப்படி நடப்பதாக ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முஃமினின் கடமை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். கடனையே எழுதச் சொன்ன மார்க்கம், ஒரு மனிதனின் உழைப்பை எழுதாமல் விடுவதை விரும்புமா?

மஹல்லா செய்யக்கூடியது

அந்தச் சகோதரியின் கணவருடைய பழைய போனைத் தேடிப் பார்க்கச் சொன்னோம். கடைசி இரண்டு வருடம் காண்ட்ராக்டர் கணக்கிலிருந்து வாரா வாரம் பணம் வந்த குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. வங்கியில் கேட்டு அதற்கான கணக்கு அறிக்கையை வாங்கினோம். வழக்கறிஞர் ஒருவர் மனு போட்டிருக்கிறார். விசாரணை நடக்கிறது. துஆச் செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, மஹல்லாவில் குவாரிக்கும் கிரஷருக்கும் போகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். இல்லாத காகிதத்தைக் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் இருக்கும் தாய்மார்களும் இன்று இரவே ஒருமுறை கேளுங்கள்: "நீங்க அங்கே வேலை செய்றதுக்கு நம்மகிட்ட என்ன காகிதம் இருக்கு?"

ஹலாலான உழைப்புக்குப் போகும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாக வீடு கொண்டு வந்து சேர்ப்பானாக. உழைப்பவரின் ஹக்கை மறைக்காத மனதை முதலாளிகளுக்குத் தருவானாக. ஆமீன்.