செய்மதிகள் படித்த வானேடு

நிலம், நீர், தீ, வளி, விசும்பு என ஐம்பூதங்களை வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் வளி என்பது பல வாயுக்களின் கலவை என இன்றைய அறிவியல் கூறுகின்றது. அதன் மிகப் பெரும் பகுதி நைதரசனும் ஒட்சிசனுமே. மிகச் சிறு பங்கினவாகிய காபனீரொட்சைட்டு, மெதேன், நைதரசு ஒட்சைட்டு, குளோரோபுளோரோகாபன்கள் ஆகியன பூமியின் வெப்பநிலையையே மாற்றவல்லன. இவை நீண்ட ஆயுளுடைய பச்சைவீட்டு வாயுக்கள் எனப்படும். நீராவி சில நாள்களில் மழையாகி இறங்கிவிடும். மெதேனோ ஏறத்தாழப் பத்தாண்டுகளும், நைதரசு ஒட்சைட்டு நூறாண்டுகளுக்கு மேலும் வளியில் தங்கும். நாம் இன்று வெளியேற்றும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அங்கே இருக்கும்.

இவ்வாயுக்களின் இயல்பை ஆராய்ந்த வரலாற்றில் நாம் வாழும் இலண்டன் மாநகருக்குச் சிறப்பான இடமுண்டு. 1859ஆம் ஆண்டில், அல்பேமாள் வீதியிலுள்ள றோயல் இன்ஸ்ரிரியூசனில், ஜோன் ரிண்டல் என்னும் அறிஞர் நீண்ட குழாயொன்றில் வாயுக்களை அடைத்து, அவற்றினூடே வெப்பக் கதிர்களைச் செலுத்தினார். ஒட்சிசனும் நைதரசனும் அக்கதிர்களைத் தடையின்றிச் செல்லவிட்டன. நீராவியும் காபனீரொட்சைட்டும் அவற்றை உறிஞ்சின.

குழாயினுள் நிகழ்ந்தது வானத்திலும் நிகழ்கின்றதா? இதனை நேரிற் காண வேண்டுமாயின் பூமிக்கு வெளியே நின்று நோக்குதல் வேண்டும். ஞாயிற்றினாற் சூடேறிய பூமி, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்களாக வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்புகின்றது. அக்கதிர்களை அலைநீளப்படி பிரித்து அளக்கும் கருவி நிறமாலைமானி ஆகும். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களில் வெப்பத்தை உறிஞ்சும். காபனீரொட்சைட்டு 15 மைக்குரோமீற்றரை அண்டியும், மெதேன் 7.7 மைக்குரோமீற்றரை அண்டியும் தத்தம் சுவடுகளைப் பதிக்கின்றன.

1970ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏவிய நிம்பஸ் 4 என்னும் செய்மதி அத்தகைய கருவியொன்றைச் சுமந்து சென்றது. வளிமண்டலத்தின் வெப்பநிலை, ஈரப்பதம் முதலியவற்றை அறிவதே அதன் நோக்கம். 1996இல் யப்பான் ஏவிய அடியோஸ் செய்மதியும் அதுபோன்ற கருவியொன்றைக் கொண்டிருந்தது. 1997 யூன் மாத இறுதியில் அச்செய்மதி பழுதுற்றது. இவ்விரு கருவிகளும் ஓராண்டுகூட முழுமையாக இயங்கவில்லை. ஆயினும் அவை விட்டுச்சென்ற பதிவுகள் பெரும் பயன் தந்தன.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் ஹரீஸ், ஹெலன் பிரிண்ட்லி முதலியோர் 1970, 1997 ஆகிய இரு ஆண்டுகளின் ஏப்பிரல் முதல் யூன் வரையான பதிவுகளை ஒப்பிட்டனர். புதிய கருவி நுட்பம் மிக்கது. ஆதலால் அதன் பதிவைப் பழையதன் நுட்பத்திற்கு இணையாக்கினர். முகில்கள் கணக்கைக் குழப்புமாதலின், முகிலற்ற வானத்தின் பதிவுகளையே தெரிந்தெடுத்தனர். 2001 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் அவர்களின் முடிவு வெளிவந்தது. காபனீரொட்சைட்டு, மெதேன், குளோரோபுளோரோகாபன்கள் ஆகியவற்றுக்கு உரிய அலைநீளங்களில் 1970இலும் பார்க்க 1997இல் குறைந்த வெப்பமே விண்வெளிக்குச் சென்றிருந்தது. அவ்விடைக்காலத்தில் வளியின் பத்து இலட்சம் பங்கிற் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 325 பங்கிலிருந்து 363 பங்காக உயர்ந்திருந்தது.

இதன் பொருள் யாது? பூமி சூடேறுவதற்கு ஞாயிறு மட்டுமே காரணமாயின், இவ்வாயுக்களுக்கு உரிய அலைநீளங்களில் மட்டும் இத்தகைய குறைவு தோன்றுவதற்குக் காரணமில்லை. இரு ஆண்டுகளின் பதிவுகள் காலநிலை முழுவதையும் விளக்கிவிடா என்பது உண்மையே. எனினும், ரிண்டல் குழாயினுட் கண்டது வானத்திலும் வலுப்பெற்று வருகின்றது என்பதற்கு அவை நேர்ச் சான்றாயின.

பின்னர் வேறுவகைச் செய்மதிகளும் தோன்றின. யப்பானின் இபுக்கி 2009இலும், அமெரிக்காவின் ஓ.சீ.ஓ. 2 2014இலும் ஏவப்பட்டன. பூமியிற் பட்டு மீளும் சூரிய ஒளியை ஆராய்ந்து, இவ்வாயுக்கள் எங்கே மிகுகின்றன, எங்கே குறைகின்றன என இவை காட்டுகின்றன. 2024இல் காபனீரொட்சைட்டின் அளவு 420 பங்கையும் கடந்திருந்தது. வெப்பம் மிகக் கடல்மட்டம் உயரும். தேம்சு நதிக்கரையில் வாழும் நமக்கும், தாழ்ந்த நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர்க் கிணறுகளுக்கும் இது பொதுவான இடராகும்.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைத் தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி நம் இலக்கியங்களைப் பதிப்பித்தனர். வானிலையை அறிய எழுதப்பட்ட பழம்பதிவொன்று, பேணிக் காக்கப்பட்டமையால், 27 ஆண்டுகளுக்குப் பின் எடுத்த பதிவோடு ஒப்பிடப்பட்டு உலகிற்கு உண்மை உரைத்தது. அளந்ததை அழியாது காப்பதும், ஐயம் நீங்க ஒப்புநோக்குவதும் இரு துறைக்கும் பொதுவான அறிவு நெறியாகும். தமிழ் ஏட்டையும் வானேட்டையும் ஒருங்கே கற்கும் வாய்ப்புப் பெற்ற நம் மாணவச் செல்வங்கள் இந்நெறியைப் போற்றி வளர்வார்களாக.